சுத்தியல் சுற்றிய தூண்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம், வண்டி நலம், உன் அண்ணன் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. உன் அண்ணன் உன்னை விசாரிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆனால் நீ போன மாதம் எழுதிய கடிதத்தை நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இப்போது அது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடக்கிறது. கடிதத்துக்குக் கால் முளைத்திருக்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு வார்த்தை விட்டார். "கல்லை உடைக்கவா இத்தனை படிச்சே?" நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கை, இரண்டு கல்லுளிமங்கர்களுக்கு நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப் பாலத்தின் தூண்களில் சிவப்புச் சாயத்தால் வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் உதிர்கிறதாம். இடித்துப் புதிதாகக் கட்டினால் பல வருஷம் ஆகும். இல்லையென்றால் ஏதோ துணியைச் சுற்றியே தூண்களைத் தேற்றிவிடலாம், அதைச் சோதிக்க உங்கள் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பாலத்து அதிகாரி சொன்னார். நிஜமா? துணியைச் சுற்றினால் பாலம் நிற்குமா? எனக்குக் காது குத்தாதே.

பாலத்தைத் தாண்டுகிற இந்த பஸ் ரூட் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியும். டிக்கெட் கவுன்டரில் எத்தனை வருஷம் உட்கார்ந்து, "பொம்பளை பெரிய வண்டி ஓட்டுவாளா"வை எத்தனை வாயிலிருந்து கேட்டு வாங்கினது. பாலம் போனால் ரூட் போச்சு. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். உண்மையை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

வால் எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எடைகூட ஏறியிருக்கிறது. உங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? கிளட்ச் மிதிக்கிற கால், அலட்சியம் செய்யாதீர்கள்.

நிஜம்தான். உங்கள் பாலம் எங்களிடம்தான் வந்திருக்கிறது. அதாவது, அந்தத் தூண்களைப் போலவே சத்தில்லாத கலவையில் முட்டி உயரத்துக்குச் சதுரமாகக் குட்டித் தூண்கள் வார்த்திருக்கிறோம். சிலவற்றைச் சும்மா விடுகிறோம். சிலவற்றின் மேல் கார்பன் இழைத்துணியைப் பசையில் நனைத்து இறுக்கமாகச் சுற்றி, காயவைத்து, பெரிய எந்திரத்தில் வைத்து உடையும்வரை நசுக்குகிறோம்.

துணி எப்படித் தாங்கும் என்று கேட்கிறீர்கள். தூண் பாரத்தில் நசுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும், அண்ணி. பிதுங்கினால் விரிசல், விரிசல் விட்டால் கதை முடிந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்களே, அதே வேலையைத்தான் இந்தத் துணி செய்கிறது. பசை காய்ந்தபின் அதைத் துணி என்று சொன்னால் அதற்கே கோபம் வரும்.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். வாக்கியத்துக்கு ஒரு தரம் மேசையில் குத்துவார். பக்கத்து மேசைக்காரருக்கு ரேடியோ என்று பெயர், அணைக்கும் பொத்தான் கிடையாது. துணி சுற்றுகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மூலைகளை வழவழவென்று தேய்த்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுகிறேன். சுத்தியல் பார்த்துவிட்டு, "இது தூணா, பரிசுப் பொட்டலமா?" என்று கேட்டார்.

உடைந்த தூண்கள் பின்கட்டில் மலைபோலக் கிடக்கின்றன. தேநீர் இடைவேளையில் அவைதான் எங்களுக்கு முக்காலி. ஆக, கல்லை உடைக்கத்தான் படித்திருக்கிறேன். அலமாரிப் பக்கம் கால் முளைத்து வருகிறவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வால்


பிப்ரவரி 19

அன்புள்ள வாலுக்கு,

நலம். முழங்கால் மழை வந்தால் மட்டும் முனகுகிறது. நீ எடை ஏறியதைப் பார்த்தால்தான் நம்புவேன்.

இங்கே நாடகம் தொடங்கிவிட்டது. பேருந்து காலியாகத்தான் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று உத்தரவு. பாலத்து முனையில் வண்டியை நிறுத்துகிறேன். கண்டக்டர் மணியை அடித்து, "பாலம் வந்திருச்சு, எல்லாரும் இறங்குங்க" என்று கத்துகிறார். மொத்தப் பேரும் இறங்கி நடக்கிறார்கள். நான் காலி வண்டியை ஆமைபோல ஓட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே போகிறேன். அக்கரையில் மறுபடியும் ஏற்றிக்கொள்கிறேன். நேற்று ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் வந்து, "ஏம்மா, நான் நடக்கறதுக்கா டிக்கெட் எடுத்தேன்?" என்று கேட்டார். கண்டக்டர் விடவில்லை. "நடக்கறதுக்குத் துணையா ஒரு பஸ்ஸே வருதுல்ல, சார்." நிறைமாதக்காரி ஒருத்தி இறங்கி நடந்தபோது மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உன் அண்ணன் கடையில் கூட்டம். எரிந்துபோன மின்விசிறி எல்லாம் இந்த மாதம்தான் வரும். நாளெல்லாம் உட்கார்ந்து அவற்றின் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார். வருகிறவர்களுக்கு உட்கார ஒரு முக்காலிதான் இருக்கிறது, அதிலும் ஒரு கால் ஆடுகிறது. நான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அவர் காது கேளாதவர் மாதிரி செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். படித்து முடித்ததும், "சுத்தினது பிரியாம இருந்தா சரி," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கிற பொறுமைகூட இன்று இல்லை. முதலில் செய்தி.

தாங்கிவிட்டது, அண்ணி. சும்மா நின்ற தூண்கள் எந்திரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. நான் சுற்றிய தூண்கள் அவை உதிர்ந்த பாரத்தைத் தாண்டி, அதில் பாதிக்கு மேல் இன்னும் கூடுதலாகத் தாங்கி, அப்புறம்தான் போனால் போகிறதென்று உடைந்தன. ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும். ரேடியோ ஒருநிமிஷம் பேச்சை நிறுத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியல் அறிக்கையை உடனே எழுதச் சொல்லிவிட்டார். அது போய்ச் சேர்ந்ததும் பாலத்தில் வேலை தொடங்கும். அதன்பிறகு உங்கள் பயணிகளுக்கு நடை கிடையாது.

உருளையைத் தேய்த்துத் தேய்த்து எனக்கு வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அதனால் கடைசித் தொகுதியை மட்டும் உதவியாளர்கள் சுற்றினார்கள். அதையும் உடைத்துவிட்டால் முடிந்தது.

கையெழுத்து கோணலாக இருப்பதற்குச் சுளுக்குதான் காரணம், சந்தோஷம் இல்லை. சரி, சந்தோஷமும்தான்.

உங்கள் வால்


ஏப்ரல் 4

அன்புள்ள வாலுக்கு,

மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கனமாக எதையும் தூக்காதே.

உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்துவிட்டேன், வண்டி நின்றிருக்கும்போதுதான், பயப்படாதே. கண்டக்டர் என் கையிலிருந்து பிடுங்கி, வண்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அன்றைக்குப் பாலத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், "உங்க நாத்தனாருக்குக் கையில சுளுக்குன்னா நான் வந்து கட்டுப்போடறேன்," என்கிறார். ஊரில் இப்போது நான் டிரைவரம்மா இல்லை, தூண்காரியோட அண்ணி.

வீட்டில் கடிதத்தை மேல்தட்டில் வைத்தேன். இந்தத் தடவை அது அவர் சட்டைப்பையிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. துவைக்க எடுக்கும்போதுதான் பார்த்தேன். நல்லவேளை, நனையவில்லை.

அறிக்கை எப்போது வரும்? பாலத்து அதிகாரி தினமும் கேட்கிறார். அறிக்கை வரத் தாமதமானால் பாலத்தை மொத்தமாக மூடச்சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்களாம்.

அண்ணி


மே 11

அன்புள்ள வாலுக்கு,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லையா? இடது கையால் கிறுக்கியாவது அனுப்பு.

இங்கே எல்லாரும் நலம். வண்டிகள் நலம், எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. எனக்கு வேலை குறைவு, ஓய்வு அதிகம். நீ எதற்கும் கவலைப்படாமல் உன் வேலையைப் பார்.

அண்ணி


மே 26

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னியுங்கள். மணிக்கட்டு சரியாகிவிட்டது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அறிக்கை கொஞ்சம் தாமதமாகிறது, சில விவரங்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் பாலத்துத் தூண்களிலிருந்து மாதிரி எடுக்க ரேடியோ அங்கே வருகிறார். ஏதாவது கொடுத்தனுப்பட்டுமா?

உங்கள் வால்


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

ரேடியோ திரும்பி வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "உங்க அண்ணியைப் பாத்தேன்மா. டிப்போல பஸ்ஸை எல்லாம் கழுவற இடத்துக்கு எடுத்து விட்டுக்கிட்டிருந்தாங்க. பாலத்தை மூடி ரெண்டு மாசமாகப் போகுதாமே."

வண்டிகள் பளபளவென்று இருக்கின்றன என்று நீங்கள் எழுதியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களால் எப்படி முடிந்தது, அண்ணி? முதல் கியரில் ஷெட்டிலிருந்து தண்ணீர்க்குழாய் வரைக்கும். இதற்காகவா அத்தனை வருஷம் சண்டை போட்டீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நீங்கள் என்னைத் திட்டலாம்.

கடைசித் தொகுதியை உதவியாளர்கள் சுற்றினார்கள் என்று எழுதியிருந்தேனே, அந்தத் தூண்களை எந்திரத்தில் வைத்தோம். சும்மா நின்ற தூண்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தாங்கின. உரித்துப் பார்த்தால் துணிக்கடியில் எங்கே பார்த்தாலும் காற்று. மூலையில் ஒட்டவே இல்லை. சுத்தியல், "இதைக் கணக்குல சேக்காதே. சுத்தத் தெரியாதவங்க சுத்தினது. உன் தூண்களை மட்டும் வெச்சு அறிக்கை எழுது," என்றார். மேசையில் ஒரு குத்து. அவர் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

பாலத்தில் யார் சுற்றப் போகிறார்கள், அண்ணி? நானா? சாரத்தில் தொங்கிக்கொண்டு, வெயிலில், அவசரத்தில், வேலைக்கு வருகிற ஆட்கள்தான் சுற்றுவார்கள். அவர்கள் கை உதவியாளர்களின் கை மாதிரிதான் இருக்கும். நான் இவ்வளவு நாளும் துணியைச் சோதிக்கவே இல்லை. என் கையைத்தான் சோதித்திருக்கிறேன். என் கை நல்ல கை என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சுத்தியல் என்னையே பார்த்தார், மேசையைக் குத்தக்கூட இல்லை. அறிக்கை நின்றது. அறிக்கை இல்லாததால் பாலத்தை மூடினார்கள். பாலம் மூடியதால் உங்கள் ரூட் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைப் போட்டு உடைத்தது நான்தான். பாலம் மூடியது தெரியாதபோதே, அறிக்கையை நிறுத்திவிட்டு உங்களிடம் எந்த முகத்தோடு எழுதுவது என்றுதான் வெயிலைப் பற்றி எழுதினேன்.

உங்கள் வால்


ஜூலை 2

என் கண்ணே,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது, திட்டுகிற கடிதம். உட்கார்ந்து படி.

ரேடியோ இங்கேயும் பாடிவிட்டுத்தான் போனார். நீ கையெழுத்துப் போடாதது, சுத்தியல் மேசையைக் குத்தாதது, நீ மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிடுவது, எல்லாம் தெரியும். உன் எடை ஏறிய லட்சணமும் தெரியும். நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். ஆக, இரண்டு பேரும் கள்ளிகள், கணக்கு நேர்.

நீ கையெழுத்துப் போட்டிருந்தால்தான் நான் திட்டியிருப்பேன். முன்பு ஒரு தடவை, பிரேக் சந்தேகமான வண்டியை ஷெட்டில் கொடுத்து, "நீங்க ஓட்டினா ஒண்ணும் ஆகாதும்மா, நல்ல கை," என்று என்னிடம் ஒருத்தன் சொன்னான். சாவியை அவன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு அதே வண்டியைப் புதுசாக வந்த ஒரு பையன் எடுப்பானே. அந்த நிறைமாதக்காரி மாதிரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு நான் அந்தப் பாலத்தில் போக வேண்டும், வால். உன் கையை நம்பிப் போக முடியாது, நீ அங்கே இருக்க மாட்டாய். தூணை நம்பித்தான் போக முடியும்.

பஸ் கழுவுகிற இடம் ஒன்றும் நரகமில்லை. அவமானமாக இருக்கிறதா என்றால், ஆமாம், இருக்கிறது. தினமும் அக்கரையைப் பார்த்து நிற்கிறேன், அழுகைகூட வருகிறது. அதற்காக உன்னைக் குறுக்குவழியில் தள்ளிவிடுவேனா? எனக்கு ரூட் வேண்டும். ஆனால் நேர்வழியில் வேண்டும்.

உன் அண்ணன் உன் கடிதத்தைத் தானே எடுத்துப் படித்தார். ஒளிந்து இல்லை, என் கண்முன்னால். முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம், "உடைஞ்ச தூண்ல உக்காந்து டீ குடிப்பாங்களாமே, நெஜமா?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. ஜனவரிக் கடிதத்து விஷயம், இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. நிஜம்தான் என்றேன்.

போ, நிமிர்ந்து வேலையைப் பார். சாப்பாட்டை மூடி வைத்தாய் என்று மறுபடியும் ரேடியோவில் கேட்டால் நேரில் வந்து நிற்பேன்.

அண்ணி


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் எப்படி? அண்ணன் எப்படி? நான் மத்தியானம் இரண்டு தடவை போட்டுச் சாப்பிடுகிறேன், ரேடியோவே சாட்சி.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் சுத்தியலின் அறைக்குப் போனேன். பேச நினைத்ததை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் நிமிராமலே, "உனக்கு என்ன வேணும்? சொல்லித் தொலை," என்றார். "எனக்கு இந்தக் கட்டடத்திலேயே மோசமான கைகள் வேணும் சார்," என்றேன்.

வாயிற்காவலர், கேன்டீன் சமையல்காரர், கணக்குப் பிரிவு அம்மா, ரேடியோ, நாலு உதவியாளர்கள். எல்லாருக்கும் ஒரே ஒரு தடவை செய்து காட்டினேன். அப்புறம் வெயிலில் வெட்டவெளியில் விட்டுச் சுற்றச் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த வருஷத்திலேயே கஷ்டமான வேலை அதுதான், அண்ணி. சமையல்காரர் துணியைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைகிறார். கணக்கம்மா தன் புடவையில் பசை படக்கூடாது என்று ஒரு கை தூரத்தில் நின்றே ஒட்டுகிறார். என் விரல் எல்லாம் துடிக்கிறது. கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

முதல் தடவை எல்லாம் தோற்றன. உரித்து, எங்கே காற்று, எங்கே கிழிசல் என்று பார்த்தேன். பிறகு கையை மாற்றுவதை விட்டுவிட்டு முறையை மாற்றினேன். மூலைகளை இன்னும் உருட்டலாக்கினேன். வழவழப்பான உருளைக்குப் பதிலாக வரிவரியாகப் பள்ளம் உள்ள உருளை கொடுத்தேன், காற்று அந்தப் பள்ளம் வழியாகத் தானே ஓடிவிடுகிறது. துணியில் ஒரு சுற்று கூட்டினேன். கடைசியாக, பசை காய்ந்தபின் தூண் முழுக்க ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் சத்தம் பொக்கென்று கேட்கும். அங்கே ஊசியால் பசை ஏற்றினால் போதும். இதை யாராலும் செய்ய முடியும், காது இருந்தால் சரி.

மறுபடியும் சுற்றத் தொடங்கும்போது சுத்தியல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். "மோசமான கை வேணும்னியே. என்னுதைப் பாக்கலையே." அவர் சுற்றிய தூணை நீங்கள் பார்க்க வேண்டும். இஸ்திரியே பார்க்காத சட்டை மாதிரி. ரேடியோ, "சார், இது தூணா, மெத்தையா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்.

நேற்று உடைக்கிற நாள். ஒவ்வொன்றாக வைத்தோம். காவலர் தூண் தாண்டியது. சமையல்காரர் தூண் தாண்டியது. கணக்கம்மா தூண் தாண்டியபோது அந்த அம்மா அழுதுவிட்டார். கடைசியாகச் சுத்தியல் சுற்றிய தூண். பாலத்துக்கு வேண்டிய பாரத்தை முள் நெருங்குகிறது. தூண் முனகுகிறது. சுத்தியலின் முஷ்டி மேசைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது, இறங்கவில்லை. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது, காலி வண்டியோடு பாலத்து முனையில் நிற்கிற மாதிரி. முள் கோட்டைத் தாண்டியது. இன்னும் போனது. இன்னும். எவ்வளவோ தூரம் போனபிறகுதான் பட்டென்று ஒரு சத்தம். துணி கிழிந்த இடத்தில் கான்கிரீட் ஒரு கை அளவுக்கு உதிர்ந்திருந்தது. சுத்தியல் குத்திய குத்தில் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை எல்லாம் கீழே.

இனிமேல் யார் வேண்டுமானாலும் சுற்றட்டும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனா ஒருமுறைகூடத் தயங்கவில்லை. வேலை முடிந்ததும் நானே வருகிறேன். பாரச் சோதனை நடக்கும்போது தூண் எவ்வளவு அமுங்குகிறது என்று முள் காட்டுகிற அளவுமானியைத் தூணுக்கடியில் நின்று படிக்க ஆள் வேண்டும். அது நான்தான், வேறு யாருக்கும் விட மாட்டேன்.

உங்கள் வால்


நவம்பர் 23

அன்புள்ள வாலுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. உன் சீப்பை இங்கேயே விட்டுவிட்டாய். என் முழங்கால் இந்த வாரம் முனகவே இல்லை, அதற்கும் சந்தோஷம் போல.

நீ பாலத்துக்கு அடியில் நின்றாய், நான் மேலே இருந்தேன். மேலே நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது, நீ கிளம்பும் அவசரத்தில் சொல்லவும் நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

மணல் லாரிகள் வரிசையாக வந்து நடுப்பாலத்தில் நின்றபோது கரையில் ஊரே கூடி நின்றது. லாரிகள் இறங்கியபிறகு அடியிலிருந்து உன் குரல் வந்தது. "முள்ளு பழைய இடத்துக்கே வந்திருச்சு." தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். பாலத்து அதிகாரி என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். டிப்போவிலிருந்து என் வண்டியை நானே எடுத்து வந்திருந்தேன். கழுவி, துடைத்து, மாலை ஒன்றுதான் பாக்கி. இடம் இல்லாமல் நின்றுகொண்டும் ஆட்கள்.

முனையில் வண்டி வந்ததும் நம் கண்டக்டர் பழக்கதோஷத்தில் மணியை அடித்து, "பாலம் வந்திருச்சு, எல்லாரும் இறங்குங்க," என்று கத்திவிட்டார். அப்புறம், நடக்கறதுக்கா டிக்கெட் எடுத்தேன் என்று கேட்டாரே, அந்தப் பெரியவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீ வேணா இறங்கிக்கோப்பா," என்றார். வண்டியே அதிரச் சிரித்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நான் இரண்டாவது கியர் போட்டேன், மூன்றாவது போட்டேன். எத்தனை மாதமாயிற்று மூன்றாவது கியரைத் தொட்டு. கண்ணாடியில் பார்த்தால் பின்னிருக்கையில் அந்த நிறைமாதக்காரி. இப்போது மடியில் குழந்தை, தூங்குகிறது. எனக்குக் கண் மறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பாலத்தின் மேல் இருக்கிற நினைப்பே இல்லாமல் அக்கரை வந்துவிட்டேன்.

அக்கரையில் இறங்கி எட்டிப் பார்த்தால், உன் பக்கத்தில், தூணை ஒட்டி, முட்டிவரை சேற்றோடு உன் அண்ணன் நிற்கிறார். கடையைப் பூட்டிவிட்டு எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் ஓட்டிய வண்டிக்கு அடியில், உன் முறையில் சுற்றிய தூணுக்குப் பக்கத்தில் வந்து நிற்க அவருக்கு யார் சொன்னார்கள்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அடியில ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சாப்பிட்டேன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பஸ் வந்துச்சு."

மூன்று வருஷத்துப் பேச்சு இத்தனைதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். இப்போது நான் எழுதும்போது எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, உறையை ஒட்டாதே என்கிறார். என் பேனாவையும் கேட்கிறார். இதோ கொடுக்கிறேன், மீதியை நீயே பார்த்துக்கொள்.

அண்ணி


அதே நாள்

தங்கைக்கு,

நலம். மணிக்கட்டைப் பார்த்துக்கொள்.

கடையில் உட்கார முக்காலி போதவில்லை. இருக்கிற ஒன்றிலும் கால் ஆடுகிறது. உங்கள் பின்கட்டில் தூண்கள் கிடக்கின்றன என்று உன் அண்ணி படித்தாள். உன் தலைவர் சுற்றியது என்று எழுதியிருந்தாயே, அந்த ஒன்றைப் பேருந்தில் ஏற்றி அனுப்பு. அக்கரையில் இறக்கினால் போதும், பாலத்தைத் தாண்டி உன் அண்ணி வண்டியிலேயே கொண்டு வந்துவிடுவாள். வாசலில் போடப் போகிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

சிதைந்த இடத்தைப் பூசி, சரிசெய்து அனுப்பிவிடாதே. முழுசாக இருக்கிற தூண் எனக்கு எதற்கு? நீ உடைத்ததுதான் வேண்டும்.

அண்ணன்